நுரையீரலில் கல்நார், சிறுநீரகத்தில் கட்டி: ஒரு வெப்பக்காப்புப் பணியாளரின் நிகழ்வு ஆய்வு

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தால், கல்நார்தான் காரணமா என்று அவரும் குடும்பத்தாரும் கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது மருத்துவர் எங்கே இடறக்கூடும் என்பதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இது. நோயாளியின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அவரையும் அவர் பணிபுரிந்த இடத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விலக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன.

நோயாளிக்கு வயது 63. அவருடைய பழைய பணியில் கல்நார்த் தூசு இருந்தது தெரிந்ததால், ஆண்டுதோறும் நடக்கும் நெஞ்சகக் கண்காணிப்புக்காக எங்கள் தொழில்சார் நோய்ப் பிரிவுக்கு வந்தார். சிறுநீரகம் தொடர்பாக அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. சிறுநீரில் இரத்தம் போகவில்லை, விலாவில் வலி இல்லை, எடையும் குறையவில்லை. 12 ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்து வந்தார். உடல் நிறை எண் 29. நாளுக்குப் பத்து சிகரெட் வரை சுமார் 20 ஆண்டுகள் புகைத்துவிட்டு, 44 வயதில் நிறுத்தியவர். குடும்பத்தில் யாருக்கும் சிறுநீரகக் கட்டி இருந்ததில்லை.

குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்கப்பட்ட நெஞ்சக சி.டி. ஸ்கேனில் இரண்டு பக்க நுரையீரல் உறையிலும் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள் தெரிந்தன. உதரவிதானத்தின் மேல்வளைவில் அவை மெழுகு உருகி வழிந்து உறைந்ததைப் போல் படர்ந்திருந்தன. இத்தகைய தடிப்புகள் கல்நாருக்கு ஆளானதன் நம்பகமான அடையாளங்கள். அவை தாமாகப் புற்றாக மாறுவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அறிக்கையில் ‘தடிப்பு’ என்ற சொல்லைப் பார்த்த நாளிலிருந்து அவர் சரியாக உறங்கவில்லை. நுரையீரல் திசுவில் நார்த்தழும்பு இல்லை. மூச்சுத்திறன் சோதனையும் வயதுக்கு ஏற்ற அளவிலேயே இருந்தது.

ஸ்கேனின் கடைசிச் சில வெட்டுப் படங்களில், நெஞ்சகம் முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில், இடது சிறுநீரகத்தின் மேல்முனை எட்டிப் பார்த்தது. அங்கே வெளிப்புறமாகப் புடைத்த ஓர் உருண்டை இருந்தது. நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில் சிறுநீரகக் கட்டி அகப்பட்டது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது ஒரு முக்கியமான வாதத்துக்கு உதவும்.

மாறுபாட்டு மருந்து செலுத்தி எடுத்த வயிற்று ஸ்கேனில் 4.6 செ.மீ. அளவுள்ள, இரத்த ஓட்டம் மிகுந்த திடக் கட்டி உறுதியானது. நிணநீர் முடிச்சுகளோ சிறுநீரகச் சிரையோ பாதிக்கப்படவில்லை. கட்டியும் அதைச் சுற்றிய சிறு விளிம்பும் மட்டும் அகற்றப்பட்டு, சிறுநீரகத்தின் எஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டது. திசு ஆய்வு முடிவு, தெளிசெல் வகைச் சிறுநீரகச் செல் புற்றுநோய், இரண்டாம் தரம், விளிம்புகளில் புற்றணு இல்லை. சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகப் பரவலாகக் காணப்படும் வகை இதுவே. அறுவைக்குப் பின், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் அளவு 1.0-லிருந்து 1.2 ஆக உயர்ந்து அங்கேயே நிலைத்தது.

அறுவைக்குப் பிந்தைய முதல் சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி இது: “நுரையீரல்ல இருந்த அந்தத் தூசுதான் கிட்னிக்கு இறங்கிடுச்சா, டாக்டர்?”

பணி வரலாறு, முதல் சுற்று

22 வயதில் கொதிகலன் பராமரிப்புப் பிரிவில் வெப்பக்காப்புப் பணியாளராகச் சேர்ந்தார். நீராவிக் குழாய்களின் மேல் போர்த்தியிருந்த, தொழிலாளர்கள் ‘லேகிங்’ என்று அழைக்கும் காப்புறையை உரிப்பதும் புதியதைப் பூசுவதும் அவர் வேலை. பழைய உறையைச் சுத்தியலால் தட்டி உடைத்து, கையால் பிய்த்து, சாக்கில் திணித்து வெளியேற்றுவார்கள். பூச்சுப் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையால் குழைப்பார்கள். மேலே விளக்கு எரிந்தால் அதன் வெளிச்சத்தில் தூசு மிதப்பது தெரியும் என்றார். முகத்தில் கட்டியது கைக்குட்டை மட்டுமே. இப்படி 11 ஆண்டுகள்.

கல்நார்த் தூசின் மொத்த அளவைத் தொழில்நல மருத்துவத்தில் ‘இழை-ஆண்டு’ என்ற அலகால் கணக்கிடுகிறோம். ஒரு மில்லிலிட்டர் காற்றில் ஓர் இழை என்ற செறிவில் ஓராண்டு பணி செய்தால் அது ஓர் இழை-ஆண்டு. உலர்ந்த காப்புறையை உரிக்கும் வேலையில் மில்லிலிட்டருக்குப் பத்துக்கணக்கான இழைகள் பறப்பது அரிதன்று. நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும் அளவாக 1997-இல் வகுக்கப்பட்ட ஹெல்சிங்கி அளவுகோல் எடுத்துக்கொள்வது 25 இழை-ஆண்டுகள். மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் இவர் அந்த எல்லையைத் தாண்டியவர். உறைத் தடிப்புகளும் அதற்கு ஒத்துப்போகின்றன.

ஆகவே கல்நாருக்கு ஆளானதில் ஐயம் இல்லை. அதனால்தான் முதல் சுற்றில் நானும் அதோடு நிறுத்திவிட இருந்தேன்.

கல்நாரும் சிறுநீரகமும்: சான்று எவ்வளவு?

லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் வைத்துள்ளது. 2012-இல் வெளியான அதன் மதிப்பீட்டில், மீசோதீலியோமா என்னும் நுரையீரல் உறை, வயிற்று உறைப் புற்றுநோய்க்கும் நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கும் போதிய சான்று இருப்பதாகவும், தொண்டை, இரைப்பை, பெருங்குடல்-மலக்குடல் ஆகியவற்றுக்கு வரம்புக்குட்பட்ட சான்று இருப்பதாகவும் கூறப்பட்டது. இரண்டு பட்டியல்களிலும் சிறுநீரகம் இல்லை.

இல்லாததால் கேள்வியே எழவில்லை என்று கொள்ளக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 17,800 வெப்பக்காப்புப் பணியாளர்களை 1967 முதல் 1976 வரை அமெரிக்க மருத்துவர் செலிக்காஃபும் அவர் குழுவினரும் தொடர்ந்து கண்காணித்தார்கள். சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை பொது மக்கள்தொகையை வைத்து எதிர்பார்த்ததைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. என் நோயாளி செய்ததும் அதே தொழில் என்பதால், இந்த ஆய்வை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1980-களின் இறுதியில், இதையும் வேறு சில தொழிலாளர் குழுக்களின் முடிவுகளையும் வைத்து, கல்நார் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று சில ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே வாதிட்டார்கள். ஆஸ்திரேலியா, டென்மார்க், ஜெர்மனி, சுவீடன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 1995-இல் வெளியான நோயாளி–ஒப்பீட்டு ஆய்வில், பணியிடத்தில் கல்நாருக்கு ஆளானவர்களின் ஆபத்து 1.4 மடங்காகக் கணிக்கப்பட்டது.

மறுபக்கத்தில், கல்நார்த் தொழிலாளர்களைப் பற்றிய பல தொடர் கண்காணிப்பு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2000-இல் சாலியும் பொஃபெட்டாவும் வெளியிட்ட தொகுப்பாய்வில் மொத்த ஆபத்து 1-ஐ ஒட்டியே நின்றது. தற்செயலால் விளைந்திருக்கக்கூடிய அளவுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பின்னர் வந்த தொகுப்பாய்வும் அதே பக்கமே சாய்ந்தது.

இந்த முரணுக்குக் காரணங்கள் உண்டு. சிறுநீரகப் புற்றுநோய் எண்ணிக்கையில் குறைவானது. மேலே சொன்ன 17,800 பேரில் அந்தப் பத்தாண்டுகளில் 2,271 பேர் இறந்தார்கள். சிறுநீரகப் புற்றுநோயால் இறந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இவ்வளவு சிறிய எண்ணில் ஓரிரு மரணங்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் தடுமாறும். தவிரவும், தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட கட்டியை அகற்றியவர் பெரும்பாலும் பல்லாண்டுகள் வாழ்கிறார். வேறு நோயால் இறக்கிறார். மரணச் சான்றிதழை மட்டும் எண்ணும் ஆய்வு அவரைக் காணாது. அதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது. கல்நார்த் தொழிலாளர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அடிக்கடி பார்க்கும் கண்ணுக்கு அறிகுறியற்ற சிறுநீரகக் கட்டியும் தென்படுகிறது. என் நோயாளியின் கட்டி அகப்பட்டதே அப்படித்தான். ஸ்கேன் எடுக்காத அவருடைய வயதுக்காரரிடம் அதே கட்டி பல ஆண்டுகள் பதிவாகாமலே இருந்திருக்கக்கூடும். புதிய நோயாளிகளை எண்ணும் ஆய்வில் இந்த வேறுபாடு கல்நாரின் மேல் பழியாக விழும்.

உயிரியல் அடிப்படையில் இந்தத் தொடர்பு முடியாத ஒன்று என்றும் சொல்ல இயலாது. இழைகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. நிணநீர் வழியாகவும் இரத்தம் வழியாகவும் பிற உறுப்புகளை அடைகின்றன. சுரங்கக் கழிவு கலந்த சுப்பீரியர் ஏரி நீரைக் குடித்து வந்த அமெரிக்காவின் துலூத் நகரவாசிகளின் சிறுநீர்ப் படிவில், கல்நாரின் சில வகைகளும் அடங்கும் ஆம்ஃபிபோல் வகைக் கனிம இழைகள் இருந்ததை 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால், ஓர் இழை உறுப்பொன்றைச் சென்றடைவது வேறு, அங்கே புற்றுநோயை உண்டாக்குவது வேறு. ‘இறங்கிடுச்சா’ என்ற கேள்விக்கு ‘இறங்கியிருக்கக்கூடும்’ என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கட்டிக்கு அதுவே காரணம் என்று சொல்லத்தான் சான்று போதவில்லை.

இரண்டாம் சுற்று

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ‘தொழில்சார் காரணம் நிறுவப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன். அவர் 33 வயதில் காப்புறைப் பணியை விட்டு ‘பட்டறைக்கு மாறினார்’ என்று முதல் சுற்றில் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேன். பட்டறையில் என்ன செய்தார் என்று கேட்கவே இல்லை. கல்நார் என்ற ஒரே சொல் மற்ற கேள்விகளையெல்லாம் மறைத்துவிட்டது.

அடுத்த சந்திப்பில், காலையில் உள்ளே நுழைந்தது முதல் மாலையில் கை கழுவியது வரை ஒரு நாள் வேலையைச் சொல்லச் சொன்னேன். வால்வுகளையும் பம்புகளையும் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை அது. பிரித்த உறுப்புகளில் கிரீஸும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருக்கும். அவற்றைக் கம்பிக் கூடையில் அடுக்கி ஒரு தொட்டிக்குள் இறக்குவார்கள். தொட்டியின் அடியில் கரைப்பான் கொதித்துக்கொண்டிருக்கும். மேலெழும் ஆவி உலோகத்தில் பட்டுக் குளிர்ந்து பிசுக்கை அரித்துக்கொண்டு வழியும். அதன் வாசனை இனிப்பாக இருக்கும் என்றார். சின்ன உறுப்பு ஏதாவது கூடையிலிருந்து நழுவினால், அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி முழுவதும் அடங்குவதற்குள்ளேயே தொட்டியின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து கையால் துழாவி எடுப்பாராம். சில நாள் தலை சுற்றும். வாசலில் போய் நின்றால் சரியாகிவிடும். மாதத்துக்கு ஒரு முறை தொட்டிக்குள் இறங்கி அடிச்சேற்றை வாரியதும் அவரே.

அந்தக் கரைப்பான் டிரைக்ளோரோஎத்திலீன். அவர் பெயரைச் சரியாக நினைவில் வைத்திருந்தார், பீப்பாயில் எழுதியிருந்ததைத் தினமும் பார்த்ததால். 87 பாகை செல்சியஸில் கொதிப்பது. ஆவி காற்றைப் போல் நாலரை மடங்கு கனமானது, எனவே தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். குனிந்தவர் மூச்சிழுத்தது அந்தத் தேக்கத்திலிருந்துதான். இதே பொருள் ஒரு காலத்தில் மயக்க மருந்தாகப் பயன்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் அவருடைய தலைச்சுற்றல் வியப்பளிக்காது.

ஆவிக்கு மிகுதியாக ஆளானாரா என்பதை அளக்க இத்தனை ஆண்டுகளுக்குப் பின் வழி உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அருகில் அமர்ந்திருந்த அவர் மனைவி ஒரு செய்தியைச் சொன்னார். பட்டறைக் காலத்தில் விசேஷ நாள்களில் கணவர் சிறிது மது அருந்தினாலே முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும் என்றும், அந்த வேலையை விட்ட பிறகு அப்படி நிகழவே இல்லை என்றும் அவர் கூறினார். டிரைக்ளோரோஎத்திலீன் தொட்டியில் வேலை செய்பவர்களிடம் தொழில்நல மருத்துவம் நெடுநாளாக அறிந்திருக்கும் அறிகுறி இது. எந்த ஆய்வகமும் தர முடியாத தகவலை அந்த அம்மா தந்தார்.

சிறுநீரகப் புற்றுநோயைப் பொறுத்தவரை டிரைக்ளோரோஎத்திலீன் பற்றிய சான்று கல்நாரைவிட மிக உறுதியானது. பன்னாட்டு முகமை அதை 2012-இல் முதல் குழுவுக்கு உயர்த்தியது. அதற்குப் போதிய சான்றாக எடுத்துக்கொண்டது சிறுநீரகப் புற்றுநோயைத்தான். வேதியியல் வழியும் ஓரளவு புரிந்திருக்கிறது. கல்லீரலில் இப்பொருள் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறோடு இணைகிறது. அந்த இணைப்பு சிஸ்டீன் சேர்மமாக மாறிச் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழலை அடையும்போது, அங்குள்ள பீட்டா-லையேஸ் நொதி அதை உடைத்து, மரபணுவைத் தாக்கும் பொருளாக்குகிறது. தெளிசெல் வகைப் புற்றுநோய் தோன்றுவதும் அந்த நுண்குழல் செல்களிலிருந்துதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், மிக அதிகமாக ஆளானவர்களின் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

தடயமும் காரணமும்

கல்நார் உடலில் நிலைத்த தடயத்தை விட்டுச் செல்கிறது. நாற்பது ஆண்டுகள் கழிந்தாலும் ஸ்கேனில் சுண்ணாம்பாகத் தெரிகிறது. டிரைக்ளோரோஎத்திலீன் அப்படி எதையும் விட்டுச் செல்வதில்லை. சிறுநீரில் வெளியேறும் அதன் சிதைபொருள் சில நாள்களில் மறைந்துவிடும். படத்தைப் பார்க்கும் மருத்துவரின் கண் தடயம் விட்டதையே குற்றவாளியாக்குகிறது. இந்த நிகழ்வில் நான் செய்யவிருந்த பிழையும் அதுவே. அடையாளம் தெரிகிற பொருள் நுரையீரல் உறையின் தடிப்புக்கு விடை. சிறுநீரகத்துக்கு வேறு விடை இருக்கலாம்.

காட்மியம் என்ற உலோகம் குறித்தும் விசாரித்தோம், ஏனெனில் பட்டறையில் உலோகப் பூச்சிட்ட உறுப்புகளும் வந்தன, காட்மியத்துக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் வரம்புக்குட்பட்ட சான்று உண்டு. காட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் தங்குவதால் சிறுநீர்ச் சோதனை இப்போதும் பழைய கதையைச் சொல்லும். அளவு இயல்பாகவே இருந்தது.

பணிக்கு வெளியே உள்ள காரணிகளை மறைப்பது நேர்மையாகாது. புகைத்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் மூன்றும் சிறுநீரகப் புற்றுநோயின் உறுதியான காரணிகள்; மூன்றும் ஏதோவோர் அளவில் இவரிடம் இருந்தன. புகைப்பதை நிறுத்தி 19 ஆண்டுகள் ஆனதால் அதன் பங்கு குறைந்திருக்கும். ஒன்றரை மடங்கு என்ற ஆபத்துக் கணக்கை ஒரு தனிமனிதரின் உடலுக்குள் இறக்கி, கட்டியின் இத்தனை பங்கு இதனால் என்று அறுத்துக் காட்ட எந்த மருத்துவத்தாலும் முடியாது.

எனவே என் கருத்தை இவ்வாறு எழுதினேன்: நுரையீரல் உறைத் தடிப்பு, பணியிடக் கல்நாரால் விளைந்தது, ஐயமற்றது. சிறுநீரகப் புற்றுநோயில், 34 முதல் 45 வயது வரை டிரைக்ளோரோஎத்திலீன் ஆவிக்கு மிகுதியாக ஆளானது கணிசமான பங்களித்திருக்கக்கூடிய தொழில்சார் காரணி; அந்தப் பணி முடிந்து 18 ஆண்டுகளுக்குப் பின் கட்டி கண்டறியப்பட்டது அதற்குப் பொருந்துகிறது. கல்நாரின் பங்கை இன்றைய சான்றைக் கொண்டு நிறுவவோ முற்றாக மறுக்கவோ இயலாது.

அவர் முதலில் ஏமாற்றமடைந்தார் என்றே நினைக்கிறேன். இழப்பீட்டு விண்ணப்பத்தில் ‘கல்நாரால் சிறுநீரகப் புற்றுநோய்’ என்று எழுதி வைத்திருந்தார். சக தொழிலாளர்களும் அப்படியே எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்படியே அனுப்பியிருந்தால் அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. இரண்டு நோய்களையும் இரண்டு பொருள்களையும் தனித்தனியாகப் பிரித்து, பட்டறையில் உடன் பணிபுரிந்த இருவரின் எழுத்துமூல வாக்குமூலங்களோடு புதிய விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. இதை எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. பட்டறையில் அந்தத் தொட்டியருகே வேலை செய்த மற்றவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் செய்துகொள்ளும்படி அவர் மூலமாகவே சொல்லியனுப்பினேன். நால்வர் வந்தார்கள், யாருக்கும் கட்டி இல்லை.

அறுவை முடிந்து 18 மாதங்களில் எடுத்த ஸ்கேனில் அவருக்கு நோய் திரும்பவில்லை. நெஞ்சகக் கண்காணிப்பு தொடர்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இந்த வயதிலும் இதற்குப் பின்னும் தலைகாட்டக் கூடியவை. அந்தச் சந்திப்பில் அவர் மனைவியிடம் நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: காப்புறைப் பணி செய்த 11 ஆண்டுகளும் அந்த வேலை உடைகளைத் துவைத்தது யார்? துவைப்பதற்கு முன் வாசலில் நின்று உதறுவேன் என்றார். மனைவியின் நெஞ்சக எக்ஸ்-ரேயில் வலது உதரவிதானத்தின் மேல் சிறிய சுண்ணாம்புத் தடிப்பு ஒன்று இருந்தது. அவர் பெயரில் தனிக் கோப்பு திறக்கப்பட்டுள்ளது.